ஜெயபாலின் காது

சின்ன விமானக் கம்பெனியில் பைலட் வேலை எப்படிக் கிடைத்தது என்று, ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். பொறுமைதான் வேண்டும் என்பேன். அது பொய்யில்லை. லைசென்ஸ் எடுத்த பிறகு மூன்று வருஷம் அக்காள்மடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அய்யா யாக்கோபுக்குக் கடலில் முங்கிச் சங்கெடுக்கிற தொழில். அவர் திரும்பி வந்ததும் நான் படகைக் கழுவி விடுவேன். "ஏரோப்பிளேன் ஓட்டப் படிச்ச ரெக்ஸு இங்கன படகு கழுவுறான்" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றிருப்பேன்.

அடுத்த தெரு ஜெயபாலும் பைலட்தான். எனக்கு ஒரு வருஷம் கழித்து லைசென்ஸ் எடுத்தவன். பத்தொன்பது பேர் உட்காரும் விமானங்களை ஓட்டுகிற ஒரு கம்பெனி புதிய ஆட்களை எடுக்கிறது என்று எனக்குச் சொன்னதே அவன்தான். நல்லவன். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. சிமுலேட்டர் தேர்வில் எனக்குத் தகராறான பாடத்தை, அவன் வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தான். தேர்வில் அவன் முதலாவதாக வந்தான், நான் இரண்டாவது. காத்திருந்தவன் பொண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். எனக்குக் கோபம் வரவில்லை, வயிறு மட்டும் எரிந்தது.

வேலை உறுதி என்று அவனுக்குப் போன் வந்தது. மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட்டுச் சேர வேண்டியதுதான் பாக்கி. அவன் அம்மா ஜோதிமேரி ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். வேலை கிடைத்தால் மகன் தன் கையால் ஒரு சங்கு முங்கியெடுத்து அந்தோணியார் கோயிலில் வைக்க வேண்டும். அவர்கள் வலைக்காரர் குடும்பம், அவனுக்கு முங்கிப் பழக்கமில்லை. என்னிடம் வந்தான். வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

"சளி புடிச்சிருக்குடா. மெடிக்கல முடிச்சிட்டு வந்து எடுக்கட்டா?"

"வேலையில சேந்த பெறகு ஒனக்கு எவன் லீவு குடுப்பான்? அம்மா நேந்தத முடிச்சிட்டுப் போ. நான் கூட வாரேன்ல" என்றேன்.

சளியோடு முங்கக் கூடாது என்பது சங்கு குளிக்கிறவர் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அடைத்த மூக்கோடு ஆழத்துக்குப் போனால் அழுத்தம் கூடிக் காதுக்குள்ளே கிழிந்துவிடும். அய்யாவுக்கு இடது காது போனது அப்படித்தான். மெல்ல இறங்கி, வலித்தவுடன் மேலே வந்துவிட்டால் தப்பிக்கலாம். நான் அவனைக் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால்வைத்து இறங்கச் சொன்னேன். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வரலாம் என்றேன். காது வலித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலம்கொண்ட மட்டும் ஊது என்றும் சொல்லிவைத்தேன். அடைத்த காதோடு அப்படி ஊதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விமான விஷயமாக இருந்தால் அவன் எதிர்க்கேள்வி கேட்டிருப்பான். கடல் விஷயத்தில் என்னை நம்பினான்.

மேலே வந்தபோது கையில் சங்கு இருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். மூக்கிலும் காதிலும் ரத்தம். படகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான்தான் தூக்கிப் படகில் போட்டேன். கரை சேரும்வரை வாந்தியெடுத்தான், முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

கரையில் அய்யா நின்றார். "ஏலே, சளியோடவா முங்க விட்ட?"

"சொன்னேன்யா. அவன்தான் கேக்கல."

அய்யா என் முகத்தையே பார்த்தார். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை.

உட்காது கிழிந்துவிட்டது, கேட்கும் சக்தி திரும்பாது, தலைசுற்றலும் போகாது, விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். ஜெயபால் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். கண்ணை மூடினால் விழுந்துவிடுவான். அதனால் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது ஜோதிமேரி பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறார். முதல்முறை யூனிபார்ம் போட்டுக்கொண்டு அவனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "நீயாவது போறியேடா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அவனுக்குக் கிடைக்க வேண்டிய வேலை எனக்கு வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது அநியாயம். அவன் வேலையை நான் பறிக்கவில்லை. அவனுக்குப் போன் வந்த அன்று மாலையே எனக்கும் வந்துவிட்டது. கம்பெனி இரண்டு பேரையுமே எடுத்துக்கொண்டது. நான்தான் அய்யாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆனால் தேர்வில் வந்த வரிசைப்படிதான் கேப்டன் ஆக்குவார்கள். அவன் கேப்டனாகி, அவன் பக்கத்தில் நான் துணை பைலட்டாக உட்கார்ந்து, அவன் சொன்னதைச் செய்துகொண்டிருக்க வேண்டும். மற்றபடி அவன்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. எனக்கு முன்னால் நின்றான், அவ்வளவுதான்.