சட்டம் வைக்கிற எடம்

அங்க வேணாம், தம்பி. கால எடுங்க. மேல புல்லு மாதிரிதான் தெரியும், மிதிச்சா முழங்கால் வரைக்கும் உள்ள இழுத்துக்கும். இப்படி என் பக்கமா வந்து அந்தக் கல்லு மேல நில்லுங்க. ம். ரோடு போட வந்த என்ஜினியர் சேத்துல மாட்டிக்கிட்டாருன்னு பேரு வரக்கூடாது பாருங்க.

இதா? சும்மா மரச்சட்டம்தான். தச்சர்கிட்டச் சொல்லிச் செஞ்சது. இதத் தரையில வச்சு, உள்ள என்னென்ன செடி இருக்கு, எது எவ்வளவு எடத்தப் பிடிச்சிருக்குன்னு பாத்து, இந்த நிலம் எந்த வகைன்னு சொல்றதுதான் என் வேல. ஆபீஸ்ல என்னைச் சட்டக்காரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. வக்கீலம்மா போலன்னு நெனச்சு ஒரு தடவ ஒருத்தர் சொத்துத் தகராறோட வந்து உக்காந்துட்டாரு.

முடிவெல்லாம் இன்னிக்கே சொல்லிடறேன். அதுக்குத்தானே காலையிலேருந்து கூடவே வர்றீங்க. இது சாதாரண மேய்ச்சல் புல்வெளின்னு நான் எழுதினா உங்க புது ரோடு இதுக்கு நடுவால நேரா போயிடும். ஊத்துத்தண்ணி கசியற புல்வெளின்னு எழுதினா இதுல சட்டப்படி கை வைக்க முடியாது, பழைய ரோட்டு வளைவே கதி. அதானே? எனக்கும் தெரியும்.

புல்லுதான் அதிகம், ஒத்துக்கறேன். முக்காவாசி புல்லுதான். முன்னாடி வந்தவரும் கரையில நின்னு பாத்துட்டு அதத்தான் எழுதிட்டுப் போனாரு. அதனாலதான் ஆபீஸ்ல மறுபடி பாக்கச் சொன்னாங்க. எது அதிகமா இருக்கோ அத வச்சு நாங்க பேரு வைக்கறது இல்ல, தம்பி. புல்லு எங்க இல்ல? உங்க ஆபீஸ் வாசல்ல இருக்கு, ரயில் பாதை ஓரத்துல இருக்கு. ஊருக்கெல்லாம் வேண்டப்பட்டவன் சாட்சிக்கு உதவ மாட்டான். இந்த மாதிரி எடத்துல மட்டும் இருக்கும், வேற எங்க வச்சாலும் பொழைக்காது, அப்படி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் எங்களுக்குச் சாட்சி.

கல்லு மேலயே உக்காந்து குனிஞ்சு பாருங்க. இன்னும் கிட்ட. செவப்பா, சட்டை பட்டன் அளவுல, தரையோட ஒட்டிக்கிட்டு இருக்குல்ல? அழுகண்ணி. இலை மேல மின்னறது பனி இல்ல, பசை. பேருதான் அழுகண்ணி, அழறதெல்லாம் இல்ல, பூச்சி பிடிச்சுத் தின்னும். இந்த மண்ணுல சத்தே கிடையாது, பாவம், வேற என்ன பண்ணும். வருஷம் முழுக்கத் தண்ணி கசியணும், உரம் விழக்கூடாது, நிழலும் விழக்கூடாது. பக்கத்துல பாருங்க, குட்டைக் கோரை, அதுக்கு அடியில பாசி. இது மூணும் ஒண்ணா உக்காந்திருக்கற எடத்துக்கு வேற பேரு வைக்க முடியாது.

சட்டத்தக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி வைக்கலாமேங்கறீங்க. வைக்கலாம். யாரு கேக்கப் போறா. ஆனா அது ஓரம், தம்பி. அங்க மேய்ச்சல் புல்லும் வந்து கலந்திருக்கும், இதுவும் கொஞ்சம் எட்டிப் பாக்கும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல நின்னு, எந்த வீட்ல என்ன சமையல்னு மோப்பம் பிடிக்கற கதைதான். ஒரே மாதிரி இருக்கற எடமாப் பாத்து, நடுவுலதான் வைக்கணும்.

கோவமா? இல்லயே. எனக்கு இப்பல்லாம் கோவமே வர்றதில்ல. நீங்க சத்தமாப் பேசறது கூடப் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் கேக்குது. தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளா அப்படித்தான். சாப்பிட்டியான்னு வீட்டுக்காரர் கேட்டா, தட்டப் பாத்துதான் சொல்றேன்.

ஆமா, வளைவுல ஆளுங்க சாவறாங்க. நான் இல்லேங்கல. செடிக்காக மனுஷங்களக் காவு குடுக்கறீங்களேன்னு கேக்கறீங்க, கேக்க வேண்டியதுதான். ஆனா அதுக்கு இது ஒண்ணுதான் வழியா? வளைவுக்கு உள்பக்கமா பழைய கிடங்குச் சுவரு நிக்குதே, ஆள் உயரத்துக்கு மேல, அத வாங்கி இடிங்க. எதிர்ல வர்ற லாரி தூரத்துலயே தெரிஞ்சுடும். மேப்புல பாத்தா இது புரியாது. ஸ்கூட்டர் ஓட்டறவங்க கண்ணு உயரத்துல, ரோட்டுல நின்னு பாக்கணும். சுவரு முடியற வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. முடிஞ்ச எடத்துல லாரி மூஞ்சிக்கு முன்னாடி நிக்கும்.

நின்னு பாத்தேன், அதான் சொல்றேன். போன மாசம் போலீஸ்காரர் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. ஆமா, நீங்க சொல்ற அதே விபத்துதான். ஆஸ்பத்திரியில டூட்டி முடிச்சுட்டு ஸ்கூட்டர்ல வந்த நர்சுப் பொண்ணு. என் பொண்ணுதான் அது.

பரவால்ல, விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும். எந்திரிக்க வேணாம், கல்லு ஈரமா இருக்கு, வழுக்கும். எனக்கு மட்டும் தோணாம இருக்குமா, சொல்லுங்க. முன்னாடி வந்தவர் எழுதினத ஆபீஸ்ல அப்படியே விட்டிருந்தா, இந்நேரம் ரோடு வந்திருக்கும். அவளும் வீட்டுக்கு வந்திருப்பா. இத இப்படி எழுதினா அவளுக்குத் துரோகம் பண்றேனான்னு கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அழுகைதான் வரல.

ஆபீஸ்ல நல்லவங்கதான். லீவு போட்டுக்கோ, இந்த நிலத்துக்கு வேற ஆள அனுப்பறோம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அங்க இருக்கறவங்க எல்லாரும் அவள இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டவங்க, தம்பி. யாரு வந்தாலும் இந்தச் செடியப் பாத்திருப்பாங்க. பாத்துட்டு, என் மூஞ்சிய நெனச்சுக்கிட்டு, சாதாரணப் புல்வெளின்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க.