முதல் வாய் என்னுடையது

சினிமாவில் குடிக்கிற விஸ்கியெல்லாம் பால் விடாத டீதான் சார். கொஞ்சம் கூடுதலாகக் கொதித்துவிட்டால் ரம் ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷமாகப் படப்பிடிப்பில் சாமான்களுக்குப் பொறுப்பு நான்தான். என் கையால் கலந்ததைக் குடித்து இதுவரை ஒரு நடிகருக்கும் வயிறு வலித்ததில்லை.

இந்தப் படம் என் தம்பியின் கதை. குடித்துச் சீரழிந்தவன் ஓவியம் வரைந்து வரைந்தே மீண்டு வந்த கதை. அவனே நடித்தால்தான் உயிரோட்டமாக இருக்கும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். நாலு வருஷமாக அவன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. இனித் தொட்டால் கல்லீரல் தாங்காது, ஆள் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் என்னிடமும் அவன் மனைவியிடமும் சொல்லியிருந்தார். அதை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அவனுக்கு உள்ளூரப் பயம். குடிக்கிற காட்சி என்றால் தம்ளரை முதலில் என்னிடம் நீட்டுவான். "அண்ணா, ஒரு வாய் குடிச்சுக் காட்டு" என்பான். நான் குடித்த பிறகுதான் அவன் வாயில் வைப்பான். செட்டில் எல்லோரும் பார்த்து உருகிப்போவார்கள்.

உருகட்டும். ஒன்பது வருஷம் சாக்கடையோரத்திலிருந்து அவனைத் தோளில் தூக்கி வந்தவன் நான். வாந்தி அள்ளினேன், சோறு ஊட்டினேன், எனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சைக்கூட எடுக்கவிடவில்லை. தேறியதும் துரை பேட்டி கொடுக்கிறார்: "என்னைக் காப்பாத்தினது பிரஷ்தான்." பிரஷ் வாந்தி அள்ளுமா சார்?

படத்தில் அண்ணனுக்கு ஒரே ஒரு காட்சி. வருவான், ஓவியத்தைக் கிழிப்பான், போவான். நான் கிழித்தது வாஸ்தவம்தான். ஒன்றே ஒன்று. "ஊருக்கே காட்டணுமாடா?" என்று கேட்டேன். "நடந்ததைத்தானேண்ணா காட்டறோம்" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கடைசிக் காட்சி. வரையாத கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட வேண்டும். அறை முழுக்க டர்பன்டைன் நெடி, மூக்குக்கு வேறெதுவும் எட்டாது. டீ இருக்க வேண்டிய தம்ளரில் நிஜச் சரக்கை ஊற்றி வைத்தேன். வழக்கம்போல நீட்டினான். ஒரு வாய் குடித்துக் காட்டினேன். முகத்தைச் சுளிக்கவில்லை. நடிப்பு அவன் ஒருத்தனுக்குத்தான் வருமா என்ன.

ஒரு மடக்கு குடித்தான். தம்ளர் பாதியிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கொட்டவில்லை. முழுவதையும் குடித்தான். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம், இன்னொரு டேக் போகலாமா?" என்றார். தம்பி தம்ளரை நீட்டினான். நிரப்பிக் கொடுத்தேன்.

அவன் மனைவி இரண்டு வாரம் அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். முடியவில்லை. நான் போய் அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். இப்போது அவள்தான், நான் விஷம் கொடுத்துக் கொன்றதாக உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விஷம் எதற்கு சார்? அவன் கேட்டதை வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். பழையபடி அதே பாய், அதே வாளி, ஊட்டிவிட அதே கிண்ணம். எதற்கெடுத்தாலும் "அண்ணா, அண்ணா" என்றான். பிரஷை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீடு மறுபடி வீடாக இருந்தது. என்னிடம் வந்த நாற்பத்தொன்றாம் நாள் காலையில் மூச்சு நின்றுவிட்டது.

அந்த நாற்பத்தொரு நாளும் என் கையால்தான் குடித்தான். முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை சார்.