சுண்டல் தட்டு மறைத்த இடம்

டீக்கு நன்றி, சார். எனக்குச் சர்க்கரை குறைவாகத்தான் பழக்கம். பரவாயில்லை, கொடுத்ததைக் குடிக்கிறேன்.

வாடிப்பட்டி மேட்ச்சைப் பற்றி நீங்கள் எழுதி முடித்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அது புரிய வேண்டுமென்றால் ஃபுட்பாலில் அருண்பாண்டி நல்ல பேக்கா, அதாவது நல்ல தடுப்பாட்டக்காரனா, இல்லையா என்கிற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் தல்லாகுளத்தில் எட்டு மாதமாக எல்லாமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் பெயர் விஜய்ஆனந்த். டியூஷன் சென்டர் ஒன்றில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மனைவி இல்லை. இருந்தாள். போன தை மாதம் காய்கறி வாங்க ஸ்கூட்டரில் போனாள். எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி, மேலாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். முன்சக்கரம் உள்ளே இறங்கியது. அவள் பெயர் இந்துப்ரியா. குழியைத் தோண்டியது யார் என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டேன். ஒவ்வொரு இடத்திலும் அது அடுத்த ஆபீஸ் வேலை என்றார்கள். கடைசி ஆபீஸில் என்னை முதல் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அதற்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தமில்லை. குடும்ப விவரம் கேட்பீர்கள் என்பதால் சொன்னேன்.

எங்கள் தெருவில் மலைச்சாமி அண்ணன் டீக்கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் வாடிப்பட்டி. அங்கே தினமும் வருகிறவர் பாலசுந்தரம் அண்ணன், வக்கீல் குமாஸ்தா. சுடுகாட்டில் என் தோளைப் பிடித்து அவர்தான் சொன்னார்: "எல்லாம் விதி தம்பி. யாரும் வேணும்னு தோண்டலையே." நானும் தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பெஞ்சில் இடம் விடுவார்கள். "சாப்ட்டியா தம்பி?" என்பார் ஒருவர். சாப்பிட்டேன் என்றால் நம்பமாட்டார்கள். சாப்பிடவில்லை என்றால் வடை வரும். பிறகு எல்லோரும் நான் வடை தின்பதைப் பார்ப்பார்கள். இரக்கத்தோடு பார்க்கப்படும் வடையை விழுங்குவது கடினம், சார். அதை நீங்கள் எழுத வேண்டாம்.

மாசி மாதம் ஃபுட்பால் இறுதிப்போட்டி வந்தது. வாடிப்பட்டியில், கண்மாய்க்கரை மைதானத்தில். தல்லாகுளம் டீமின் லெஃப்ட் பேக் அருண்பாண்டி. எதிரே வாடிப்பட்டியின் ரைட் விங்கர் பீமாராவ். பீமாராவ் கால் வேகமென்றால் அப்படி ஒரு வேகம். லைன் ஓரமாக ஓடிவந்து, பெனால்டி பெட்டிக்குச் சற்று முன்னால் வலது காலை ஊன்றி, சட்டென்று உள்ளே வெட்டுவான். ஆட்டம் முழுக்க அருண்பாண்டி அவனை மறித்தான். ஒரே ஒரு முறை பீமாராவ் உள்ளே வந்தான், கோல் போட்டான். தல்லாகுளம் தோற்றது.

கேள்வி இதுதான். பீமாராவ் அருண்பாண்டியைத் தாண்டினானா, அல்லது அருண்பாண்டி வழுக்கினானா? புழுதி அடங்க அன்று தண்ணீர் தெளித்திருந்தார்கள். மலைச்சாமி அண்ணன் போனில் வீடியோ எடுத்திருந்தார். சரியாக அந்த நொடியில் சுண்டல் விற்கிறவர் குறுக்கே போகிறார். தட்டு விலகும்போது அருண்பாண்டி தரையில் கிடக்கிறான், பந்து வலைக்குள் இருக்கிறது.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது பேச்சு நிற்கவில்லை.

"பேக்கு இல்லாத எடத்துல விங்கர் போனா, அதுக்குப் பேரு பேக்கு தோத்துட்டான்தாண்ணே," என்றார் மலைச்சாமி.

"வழுக்கிருச்சுய்யா. ஈரம். இயற்கை இடர்பாடு," என்றார் பாலசுந்தரம்.

"ஒங்காளுக்கு மட்டும் ஈரமாக்கும். பீமாராவ் என்ன, கால்ல பசை தடவிக்கிட்டா ஓடுனான்?"

"தாண்டுனதுக்குச் சாட்சி எங்க?"

"இந்தா வீடியோ."

"இதுல சுண்டல்தான் தெரியுது. வேணும்னா சுண்டல் மேல கேஸு போடு."

என் கையில் யாரோ டீயைத் திணித்தார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்துப்ரியா போன பிறகு நான் முழுதாகக் குடித்த முதல் டீ அது.

நான் கட்சி சார்ந்தவன் இல்லை. நடுநிலையைக் கடைப்பிடித்தேன். தராசில் ஒரு பக்கம் கனம் கூடினால் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். சித்திரையில் பாலசுந்தரம் அண்ணன் தளர்ந்துபோய், "சரி விடுய்யா, பய கொஞ்சம் அசந்துட்டான்," என்று சொல்லிவிட்டார். ஈர மண்ணில் உராய்வு எப்படிக் குறையும் என்று அவருக்கு விளக்கி மீட்டெடுத்தேன். ஆனியில் மலைச்சாமி அண்ணன், "பாவம், வழுக்கித்தான் இருக்கும் போல," என்று ஆரம்பித்தார். அருண்பாண்டி விழுந்து கிடந்த கோணத்தைச் சிலேட்டில் வரைந்து காட்டினேன். மறுபடி சூடானார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

பாலசுந்தரம் அண்ணன் போஸ்டர் அடித்தார். மதுரையில் ஒரு கருத்து சுவரில் ஏறாதவரை அது கருத்து இல்லை. 'தல்லாகுளத்தின் தடுப்புச் சுவரே' என்று அருண்பாண்டி கைகட்டி நிற்கிற படம். டீக்கடைச் சுவரில் இந்துப்ரியாவின் கண்ணீர் அஞ்சலி இருந்தது. அவள் முகத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றி மரியாதையாக ஒட்டினார்கள். அருண்பாண்டியின் முழங்கை அவள் நெற்றிக்கு மேலே வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. பசை நல்ல பசை.

புரட்டாசியில்தான் சிக்கல். மலைச்சாமி அண்ணன் வாடிப்பட்டிக்காரர்களிடம் பேசி மறு ஆட்டம் ஏற்பாடு செய்துவிட்டார். அதே மைதானம், அதே பேக், அதே விங்கர். இந்த முறை நாலு பக்கமிருந்தும் வீடியோ, சுண்டலுக்குத் தடை. எந்த ஆள் தோற்கிறானோ அவன் கட்சிக்காரர்கள், 'ஒப்புக்கொள்கிறோம்' என்று சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்ட வேண்டும்.

"அதுக்குப் பெறகு ஒரு பய இதப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது," என்றார் மலைச்சாமி. எல்லோரும் சம்மதித்தார்கள். எல்லோருக்கும் அலுத்திருந்தது போலத் தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

பாலசுந்தரம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இந்த மேட்ச்சு முடியட்டும் தம்பி. ஒனக்கும் ஒரு நல்லது பாக்கணும்ல. மேலூர்ப் பக்கம் ஒரு எடம் இருக்கு. இம்புட்டுச் சின்ன வயசுல எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்ப?"

யோசித்துப் பார்த்தால் இதற்கு ஒரு தீர்வுதான் இருந்தது. ஆட்டம் நடக்க வேண்டும். ஆனால் முடியக் கூடாது. அதற்கு பீமாராவ் பாதியில் விழ வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல ஆட்டக்காரன். ஒரு முறை என்னிடம் கைகூடக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்த வீடியோவை நான் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க முடியாது. வலது காலை அவன் எங்கே ஊன்றுவான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம், வெயில் உச்சியில் இருக்கும்போது மம்பட்டியோடு மைதானத்துக்குப் போனேன். மழை பெய்து மண் இளகியிருந்தது. கெண்டைக்கால் இறங்குகிற ஆழம் போதும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சாயி என்கிற அம்மாள் அருகில் வந்து நின்று பார்த்தார்.

"கொடிக்கம்பு நடவாய்யா?"

"ஆமாம்மா."

நான் கம்பு நடவில்லை. குறுக்கே குச்சிகளை வைத்து, சாக்கை விரித்து, மண்ணைத் தூவி, புல்லைப் பதித்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"யாராச்சும் தெரியாமக் கால விட்றப்போறாகய்யா."

"அதுக்குத்தாம்மா மூடுறேன்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். வீட்டுக்காரி எங்கே என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். சீக்கிரம் போய்க் கூட்டிவாய்யா, ஆம்பளை தனியாகக் கிடந்தால் கருவாடாகிப் போவான் என்றார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவரை நீங்கள் விசாரிக்க வேண்டாம். அவர் எச்சரிக்கத்தான் செய்தார்.

மறுநாள் டாஸில் பீமாராவுக்கு அந்தப் பக்கமே கிடைத்தது. கிடைக்காவிட்டால் இரண்டாம் பாதியில் கிடைத்திருக்கும். தல்லாகுளத்தின் ரைட் விங்கருக்குத் தொப்பை. அவன் எந்தப் பாதியிலும் அவ்வளவு தூரம் ஓடமாட்டான். எல்லாவற்றையும் கணக்கில் எடுத்திருந்தேன்.

ஒன்றை எடுக்கவில்லை. அருண்பாண்டியும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தான்.

பந்து பீமாராவ் காலுக்கு வந்தது. லைன் ஓரமாக வந்தான். மாசியில் அருண்பாண்டி உள்ளே தள்ளி நின்று காத்திருந்தான். அன்று காத்திருக்கவில்லை. பீமாராவ் எங்கே ஊன்றுவானோ, அந்த இடத்துக்கு அவனை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பந்து அருண்பாண்டியிடம் வந்துவிட்டது. அதை நாலு வீடியோவும் காட்டும். அருண்பாண்டியின் கால் குழிக்குள் போனபோது காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. முருங்கை சத்தமில்லாமல் ஒடியும் என்பார்கள். அப்படியில்லை.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்களாம். அது எனக்குத் தெரியாது. டாக்டர், நடப்பான் என்கிறார். ஓடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். அவன் முதலில் கேட்டது, "அண்ணே, நான்தானே முந்துனேன்?"

"நீதாம்ப்பா."

சிரித்தான். அவன் அம்மா ராக்கம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்காமல், "அந்தக் குழியத் தோண்டுனவன் யாரு?" என்றார். வார்டில் எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். நான் ஹார்லிக்ஸை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அவர் கேட்கிற விதம் எனக்குத் தெரிந்த விதமாக இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஆட்டம் முடியவில்லை, ஆகவே விவாதம் தொடரும் என்று நினைத்திருந்தேன். தொடரவில்லை. மலைச்சாமி அண்ணன் தானாகவே போஸ்டர் அடித்துவிட்டார். 'ஒப்புக்கொள்கிறோம், அருண்பாண்டியே சிறந்த பேக்.' சுவர் முழுக்க ஒட்டினார்கள். பெரிய போஸ்டர் என்பதால் இந்த முறை இந்துப்ரியாவின் முகத்தை விட முடியவில்லை. பாலசுந்தரம் அண்ணனும் மலைச்சாமி அண்ணனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மழையில் மண் உள்வாங்கிய விபத்து என்று நீங்கள் எழுதிவிட்டதாகவும் சொன்னார்கள்.

"எல்லாம் விதிய்யா," என்றார் பாலசுந்தரம். "யாரும் வேணும்னு தோண்டலையே."

பிறகு கடை அமைதியாகிவிட்டது. பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள்.

"சாப்ட்டியா தம்பி?" என்றார் ஒருவர்.

நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

திருத்தம் இதுதான், சார். மண் உள்வாங்கவில்லை. வேண்டுமென்றுதான் தோண்டப்பட்டது. தோண்டியவன் நான். மம்பட்டி என் வீட்டில், கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் யாரையும் அடுத்த ஆபீஸுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ராக்கம்மாள் வந்து கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர்களுக்கு ஒரு பெயராவது கிடைக்க வேண்டும்.

இந்துப்ரியா பெயரை மட்டும் இதில் எழுத வேண்டாம். அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.