கேட்டுக்கு வெளியே

— ...அதான் செபாஸ்டின் சார் கேக்கறேன். வேளாண் பல்கலைக்கழகத்தைப் பத்தின கட்டுரையில டீக்கடை எதுக்கு?

— இருக்குதே தம்பி. இருக்கறதைத்தானே எழுதினேன்.

— விக்கிப்பீடியாவுல அப்படியெல்லாம் எழுதக் கூடாது சார். ஆதாரம் வேணும். போன் நம்பரையும் அங்க போடக் கூடாது.

— போடலன்னா நீ எப்படிக் கூப்பிட்டிருப்ப?

— சரிதான்... ஆனா பாருங்க, நெல் ஆராய்ச்சி, மண் ஆய்வு ஒண்ணும் இல்ல. மெயின் கேட்டு, வாட்ச்மேன் ரூமு, பஸ் ஸ்டாப்பு, புங்க மரம், டீக்கடை பெஞ்சு...

— பெஞ்சுல ஒரு காலு ஆடும். அதை எழுதல.

— நல்லவேளை.

— சிரிக்காத தம்பி. மைன்ஸ்ல ஷிஃப்ட் முடிச்சு வந்து ஒத்த வெரல்ல தட்டினது.

— வூட்ல யாரும் உதவ மாட்டாங்களா?

— நெய்வேலியில யாரு இருக்கா... குவார்ட்டர்ஸ்ல நான் ஒருத்தன்தான். டிவியைச் சத்தத்துக்குப் போட்டுட்டு தட்டிகினு இருப்பேன்.

— சார், நீங்க அங்க படிச்சவரா?

— ஆமா... படிச்சேன்.

— எந்த ஹாஸ்டலு?

— அது... பேரு மறந்துபோச்சு.

— கோவிச்சிக்காதீங்க. நீங்க எழுதினதெல்லாம் கேட்டுக்கு வெளிய இருக்கறது. உள்ள போனதே இல்லதானே?

— ...என் பொண்ணு சோபியா அங்க மண்ணியல் சொல்லிக் குடுக்கறா. வேற மதத்துப் பையனைக் கட்டிகினா. அன்னையிலேர்ந்து பேச்சில்ல.

— போய்ப் பாக்கலாமே?

— லீவு கெடைச்சா பஸ் ஏறிடுவேன். அந்த பெஞ்சு வரைக்கும்தான் காலு போவுது. சாயங்காலம் ஸ்கூட்டர்ல வருவா. பின்னாடி அவ வூட்டுக்காரன், ஹெல்மெட் போட்டுகினு. மொகம்கூட தெரியாது.

— அவங்க உங்களைப் பாத்ததில்லையா?

— பேப்பரை விரிச்சு மறைச்சிக்குவேன். தம்பி... அந்த வரிங்களை மட்டும் அழிச்சிடாத. அவ இருக்கற எடத்துல எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். அதுவும் இல்லன்னா தாங்க மாட்டேன்.

— அழிச்சுதான் ஆவணும் சார். ரூல்ஸ் அது.

— சரி... வெச்சிடறேன்.

— வெச்சிடாதீங்க. டீக்கடைகிட்ட வந்தா சோபியா எப்பவும் வண்டியை ஸ்லோ பண்ணுவா. பேப்பருக்குப் பின்னாடி யாருன்னு அவளுக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறவன் நான்தான், சாதிக் அலி. அடுத்த தபா உள்ள வாங்க மாமா... லைப்ரரியைப் பத்தி எழுத ஆளே இல்ல.