தரையைப் பார்க்கும் வேலை

வெட்டுவதற்கு முன் ஷீட்டை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். அட்டைப்பெட்டியின் அட்டை மாதிரிதான் அதுவும் இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் வரிசையாக உறிஞ்சுகுழல் அடுக்கியது போலக் குழல்கள். அந்தக் குழல்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பார்க்காமல் கத்தியை வைத்தால் ஷீட் வீண். விளம்பரப் பலகைக் கடையில் பத்தொன்பது வருஷமாக வெட்டும் மேஜை என்னுடையது. ஒரு ஷீட்டைக்கூட நான் வீணடித்ததில்லை. நீங்கள் கடையில் விசாரித்திருப்பீர்கள் மேடம், சொல்லியிருப்பார்கள்.

விமானம் செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். பொம்மை என்று எழுதிக்கொண்டீர்கள். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ரிமோட்டில் பறக்கிற விமானம், இறக்கையே ஆறடி இருக்கும். இறக்கைக்கு வெட்டும்போது குழல்கள் நீளவாக்கில் ஓட வேண்டும், அப்போதுதான் காற்றில் மடங்காது. உள்ளே ஒரு அலுமினியக் கம்பியைச் செருகினால் முதுகெலும்பு ஆகிவிடும். வால் மடல் அசைய வேண்டிய இடத்தில் மேல்தோலை மட்டும் கீறி, அடித்தோலைத் தொடாமல் விட்டால் அதுவே கீல். கை அழுத்தம் ஒரு மயிரிழை கூடினாலும் துண்டாகிவிடும். தச்சர்கள் செய்யும் மரவிமானம் ஒருமுறை விழுந்தால் குப்பை. இது விழும், நசுங்கும், நிமிர்த்தி மறுபடி பறக்க விடலாம். கடையில் மிஞ்சும் துண்டுகளிலேயே செய்துவிடலாம் என்பதால் கையைக் கடிக்காத பொழுதுபோக்கு.

இதைத் தொடங்கியது நான் அல்ல. எங்கள் மேற்பார்வையாளர்தான். பலகை மாட்டும் ஆட்கள் எல்லோரும் அவருக்குக் கீழே. எங்கே எந்தப் பலகை ஏறினாலும் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நின்றால்தான் கீழே இறங்கவிடுவார். அதனால் அவருக்குப் பெயரே ரசமட்டம் ஆகிப்போனது. நேரில் நாங்கள் அண்ணன் என்போம். அவருக்குச் சிஷ்யன் போல என் தம்பி. பலகை மாட்டுவதில் அவனும் ஓர் ஆள். ஞாயிறு ஆனால் இருவரும் பழைய கல்குவாரிக்குப் பக்கத்திலுள்ள வெறும் தரைக்கு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வரமாட்டான் என்று அம்மா அவனுக்குத் தட்டை மூடிவைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பாள்.

ஆறு வருஷத்துக்கு முன் தம்பி செத்துப்போனான். அது உங்கள் கோப்பில் இருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், நல்ல காற்றில், எட்டடிப் பலகையை மாட்டப் போனான். அவ்வளவு பெரிய பலகைக்குக் காற்றில் பலகை என்று பெயர் இல்லை, இறக்கை என்றுதான் பெயர். அது தூக்கியது. அவன் கையை விட்டிருக்கலாம். விடவில்லை. பலகை கெட்டுவிடும் என்று நினைத்தானோ என்னவோ. நான் வெட்டிக்கொடுத்த பலகை.

கடைக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்தது. ரசமட்டம் எழுந்து நின்று, "நான்தான் ஏறச் சொன்னேன். காத்து இருக்குன்னு தெரிஞ்சும் சொன்னேன். தப்பு என்னோடது," என்றார். கடை ஆட்கள் பதினோரு பேர் அங்கே இருந்தோம். எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அதோடு அவர் வேலை போயிற்று. ஊரில் வேறெந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து நாற்காலிக்குக் கால் ஒட்டிக் கொடுத்துப் பிழைத்தார். அம்மா கடைசிவரை அவரைச் சபித்துக்கொண்டே இருந்தாள். சாகும்போதும் அவர் பெயரைத்தான் சொன்னாள், என் பெயரையோ தம்பி பெயரையோ அல்ல. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான்.

அவசரப்படவில்லை. கோபத்தில் செய்வது எல்லாம் கோணலாக வெட்டிய ஷீட் மாதிரி. அம்மாவின் காரியம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போய், எனக்கும் விமானம் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மனைவியை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கதவருகே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று தெருவே பேசியது. ரசமட்டம் உள்ளே போய் ஒரு கத்தியும் இரும்பு ஸ்கேலும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

நான்கு வருஷம், ஞாயிறு தவறாமல். மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்வோம், வெயிலில் பறக்கவிடுவோம். ஷீட் வெட்டுவதில் நான் அவரைவிடக் கெட்டிக்காரி. அவருடைய விமானங்கள் பறக்கும், என்னுடையவை மிதக்கும் என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "தம்பி பாத்திருக்கணும்," என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் என்ன எரிந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டுப் பசை தடவுவேன்.

கல்குவாரிப் பக்கத்துக் களத்தில் எங்கள் இருவருக்கும் வேலை பிரித்திருந்தோம். ரிமோட்டைப் பிடித்தவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு நொடி எடுத்தாலும் விமானம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று தெரியாமல் போய்விடும். அது தலைக்கு மேலே வந்துவிட்டால், பார்வையில் வைத்துக்கொள்ளப் பின்பக்கமாகவே நடப்பார்கள். எல்லோரும் அப்படித்தான். ரசமட்டம் பத்து எட்டு, பன்னிரண்டு எட்டு வைப்பார். அதனால் பின்னால் ஒருவர் நின்று தரையைப் பார்க்க வேண்டும். கல், முள், பள்ளம் எது வந்தாலும் சொல்ல வேண்டும். நான் "போதும்ணே" என்றால் அந்த இடத்திலேயே நிற்பார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று சோதித்ததில்லை. "நீ இருக்கேல்ல," என்பார்.

நிற்கும் இடத்துக்கு அடையாளமாக ஒரு மஞ்சள் பட்டையைத் தரையில் ஆணியடித்து வைத்திருந்தோம். அங்கிருந்து குவாரியின் விளிம்பு பின்னால் நாற்பதடி. நடுவில் முட்டியளவு புதர். களத்துக்கு முன்பக்கமாகத்தான் வருவோம் என்பதால் விளிம்பு கண்ணில் படாது. நான் முன்னதாகவே போய்க் களத்தைத் தயார் செய்வேன். ஒரு ஞாயிறு அந்தப் பட்டையைப் பிடுங்கி இரண்டடி பின்னால் அடித்தேன். காற்று பார்க்கக் கட்டியிருந்த துணிக் கம்பத்தையும், இறங்குகிற பாதைக்கு வைத்த வெள்ளைக் கற்களையும் அதே இரண்டடி நகர்த்தினேன். புதரைக் கொஞ்சம் செதுக்கினேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டடி. பன்னிரண்டு வாரம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேலை சுத்தமாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஏன் அந்த ஞாயிறு தொடங்கினேன் என்று நேற்று நீங்கள் கேட்டபோது, தரை காய்ந்திருந்தது என்றேன். அதுவும் உண்மைதான். அதற்கு முந்தைய வாரம் அவர் ஒரு விஷயம் சொன்னார். வால் மடலுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தோம். அவர் நிமிராமலே, "தங்கச்சி, தம்பியோட போன் என்கிட்டதான் இருக்கு," என்றார்.

நான் கம்பியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு அவன் பக்கத்துல கெடந்துச்சு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கிட்டேன். யாரும் கேக்கல. யாருக்கும் காட்டவும் இல்ல. எனக்கும் வயசாகுது. நான் போனதுக்கப்புறம் யார் கையிலயாவது சிக்கக் கூடாது பாரு. ஒரு நாள் கொண்டாந்து உன்கிட்டயே குடுத்துடறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு மறுபடி கம்பியை வளைத்தோம். எனக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது மேடம். ஆறு வருஷம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறவர், காரணமில்லாமலா வைத்திருப்பார்?

கடைசி ஞாயிறு புது விமானம். ஒரு மாதமாகச் செய்தது, எல்லாவற்றிலும் அழகானது அதுதான். இறக்கைக்குக் கீழே இரண்டு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால் விமானம் மூக்கு சற்றே தாழ நிற்க வேண்டும். அதுதான் சரியான சமநிலை. நான் பேட்டரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். வால் கனத்தால் மூக்கு மேலே ஏறும், எதிர்க்காற்றில் விமானம் தலைக்கு மேலே வந்து பின்பக்கம் நகரும். ரசமட்டம் தூக்கிப் பார்த்துவிட்டு, "வால் கொஞ்சம் கனக்குதோ?" என்றார். காற்று இருக்கிறது, அப்படித்தான் இருக்கட்டும் என்றேன். தலையசைத்தார். குமிழி ஒரு நூல் நகர்ந்தாலும் ஒப்புக்கொள்ளாத மனிதர், நான் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

கையால் வீசிவிட்டேன். நன்றாக ஏறியது. காலை வெயில் இறக்கையின் குழல்களுக்குள் புகுந்து, கீழிருந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரிந்தது. நான் அவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, என் இடத்தில் போய் நின்றேன். விமானம் தலைக்கு மேலே வந்தது. அவர் பின்னால் ஓர் எட்டு வைத்தார். இன்னொன்று. அது நிற்காமல் பின்னுக்கே போனது, அவரும் போனார். நாலு, ஐந்து. புதரின் முதல் குச்சி காலில் பட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எவ்ளோ இருக்கு தங்கச்சி?"

"நிறைய இருக்குண்ணே."

ஆறு, ஏழு. எட்டாவது எட்டுக்குத் தரை இல்லை. அவர் கத்தவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

விமானம் சற்று நேரம் தானாகவே சுற்றியது. பிறகு மெதுவாக இறங்கி, களத்தின் நடுவில் வயிற்றால் உரசி நின்றது. ஒரு கீறல் இல்லை. எடுத்து மண்ணைத் துடைத்து வண்டியில் வைத்தேன். பிறகு அண்ணி வீட்டுக்குப் போனேன். உங்களுக்குச் சொல்லும் முன் அங்கே போனது ஏன் என்று கேட்டீர்கள். குடும்பத்துக்கு முதலில் தெரிய வேண்டாமா? அவர் கருவிப் பெட்டியைத் திறந்தது உண்மை. பரணில் இருந்த டப்பாக்களையும் பார்த்தேன். அண்ணி பின்னாலேயே வந்து நின்றாள். "என்ன தேடறீங்க? அவர் எங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன்.

போன் அங்கே இல்லை. அவருடைய சட்டைப் பையில் இருந்தது, நீங்கள்தான் குவாரிக்குள் இறங்கி எடுத்தீர்கள். துணியில் சுற்றி, மேலே ஒரு சீட்டு வைத்து, அதில் என் பெயர் எழுதியிருந்தது என்று சொன்னீர்கள். அன்றைக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருப்பேன்.

இன்று காலை அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். தம்பி செத்த அன்று மத்தியானம் அவனுக்கு நான் அனுப்பிய குரல் பதிவு. "அண்ணன் சரின்னுட்டார்டா, ஏறு. இன்னிக்கே முடிக்கணும். பயமா இருந்தா சொல்லு, நான் வந்து ஏறறேன்." என் குரல்தான், மறுக்கவில்லை. அண்ணன் சரி என்று சொல்லியிருக்கவில்லை என்பதும் உண்மைதான். காற்று அடங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். எனக்கோ பலகை நேரத்துக்கு ஏறவில்லை என்று அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக முதலாளியிடம் பேச்சு வாங்க முடியாது. சும்மா ஒரு வார்த்தை. அக்கா தம்பிக்குள் ஆயிரம் சொல்வோம்.

என்னைக் காப்பாற்றத்தான் அவர் பழியை ஏற்றார் என்கிறீர்கள். மகன் போன வீட்டில், மகளால்தான் போனான் என்று அந்தத் தாய்க்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது கண்ணால் பார்த்தது மட்டும்தான். ஏறச் சொன்னது அவர், மேடம். பதினோரு பேர் முன்னால் அவரே சொன்னார், கையெழுத்தும் போட்டார். நான் வேறு யாரைப் பழிவாங்கியிருக்க முடியும்?