சுகருக்குக் காளான்

அரசப்பன்: …சொன்னா நம்ப மாட்டே மலரு. திருப்பனந்தாள் டீக்கடை பூரா உன் பேச்சுதான்.

மலர்க்கொடி: காலேஜ்ல பக்கத்து ரூம் கெமிஸ்ட்ரி சாருக்கே நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு தெரியாது. டீக்கடைக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்.

அரசப்பன்: தெரியாம? புத்துக் காளான் தின்னா சுகர் ஓடிப்போயிடும்னு என் பொண்டாட்டி கண்டுபிடிச்சிருக்கா, நானே அதுக்கு சாட்சின்னு சொல்லியிருக்கேன்ல.

மலர்க்கொடி: நான் கண்டுபிடிச்சேனா? எப்ப, தூக்கத்துலயா?

அரசப்பன்: உன் கட்டுரையில இருக்கே…

மலர்க்கொடி: என்ன இருக்கு? காளான்ல பத்துக்கு ஒம்பது பங்கு தண்ணி. மிச்சம் புரதம், நார், கொஞ்சம் பொட்டாசியம். வெயில் பட்டா வைட்டமின் டி-யா மாறுற ஒரு பொருள் இருக்கு. அப்புறம் பீட்டா குளுக்கான்னு ஒரு நாரு. அது ரத்தத்துல சர்க்கரை ஏறுற வேகத்தைக் குறைக்கலாம்.

அரசப்பன்: அதான், குறைக்கும்.

மலர்க்கொடி: குறைக்க… லாம். அந்த ‘லாம்’ எங்க போச்சு?

அரசப்பன்: டீக்கடையில ‘லாம்’ போட்டுப் பேசினா எவன் கேப்பான்?

மலர்க்கொடி: அதுவும் எலிக்குக் குடுத்துப் பாத்தது.

அரசப்பன்: எலியும் நம்ம நெல்லத்தானே திங்குது. ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வைத்தியம்.

மலர்க்கொடி: நோபல் பரிசை உங்களுக்கே குடுத்துடலாம்ங்க. வேட்டி சட்டையெல்லாம் துவைச்சு வைக்கிறேன்.

பக்கிரி: அண்ணே… அண்ணி… உள்ள வரலாமா?

அரசப்பன்: வாடா பக்கிரி. பாரு மலரு, பக்கத்து வயக்காரனே உன்னைப் பாக்க வந்துட்டான். பையில என்னடா?

பக்கிரி: அண்ணிக்குத்தான். ராத்திரி மழைக்கு வாய்க்கா மேட்டுல மொளச்சுக் கிடந்துச்சு. வெள்ளை வெளேர்னு… குடை மாதிரி.

மலர்க்கொடி: குடு… இதைத் திருப்பிப் பாத்தியா? அடியில மடிப்பெல்லாம் பச்சை ஓடிக் கிடக்கு. புத்துக் காளான்னா தண்டு மண்ணுக்குள்ள நீளமா இறங்கி புத்து வரைக்கும் போகும். இது மேலாக்க உக்காந்திருக்கு. தின்னா வாந்தி பேதிதான்.

பக்கிரி: நல்லா வேக வச்சா போயிடாதா அண்ணி?

மலர்க்கொடி: எது போறது? விஷமா, நீயா?

அரசப்பன்: ஹா! ஹா! மாட்டிக்கிட்டியாடா…

பக்கிரி: சிரிக்காதீங்கண்ணே. அண்ணி, கொஞ்சம் தண்ணி குடுங்க… இன்னொரு செம்பு…

மலர்க்கொடி: என்ன பக்கிரி, ஆத்தையே குடிச்சிடுவே போலருக்கு.

பக்கிரி: இப்ப இப்படித்தான் அண்ணி. குடிக்கிறதும் போறதுமாவே பொழுது ஓடுது. கண்ணு வேற மங்குது.

மலர்க்கொடி: கால்ல என்ன கட்டு?

பக்கிரி: நடவப்ப நத்தை ஓடு கிழிச்சிடுச்சு. என்னமோ… ஆற மாட்டேங்குது.

மலர்க்கொடி: நடவப்பவா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பயிரே தூர் கட்டிடுச்சே! அவுரு, பாக்குறேன்… ஐயோ, என்ன இது! பக்கிரி, சுகர் மாத்திரை போடுறியா இல்லையா?

பக்கிரி: அதை விட்டாச்சுல்ல.

மலர்க்கொடி: யாரைக் கேட்டு விட்டே?

பக்கிரி: யாரைக் கேக்கணும்? அண்ணன்தான் மாத்திரையெல்லாம் தூக்கிக் கடாசிட்டு காளான் தின்னே குறைச்சிட்டாரே. படிச்ச அண்ணி வீட்டுலயே அப்படின்னா… நமக்கென்ன?

மலர்க்கொடி: என்னங்க. இப்ப சிரிங்க பாப்போம்.

பக்கிரி: என்னண்ணே? ஏன் என் காலையே பாக்குறீங்க?

அரசப்பன்: பக்கிரி… நான் விடலடா.

பக்கிரி: எதை?

அரசப்பன்: மாத்திரையை. ஒரு வேளைகூட விட்டதில்ல. பம்ப்செட்டுல ஒளிச்சு வச்சு முழுங்குறேன்.

பக்கிரி: அப்ப… எல்லார்கிட்டயும் ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?

அரசப்பன்: இவ மழையிலயும் சேத்துலயும் அலைஞ்சு எழுதின கட்டுரையை ஒருத்தனும் மதிக்கலடா. ஒரு நாள் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா. ஊராவது மதிக்கட்டும்னு… உன் காலு வரைக்கும் வரும்னு நெனக்கலடா.

பக்கிரி: அடப்பாவி அண்ணே…

அரசப்பன்: மலரு… உன்கிட்டயும் மறைச்சுட்டேன். திட்டணும்னா திட்டிடு.

மலர்க்கொடி: எந்த வாயால திட்டுறது? மருந்துக்கடை அப்சர் மாசாமாசம் எனக்கு போன் பண்ணி, “சார் மாத்திரை வாங்கிட்டாரு டீச்சர்”னு சொல்லிட்டுத்தான் இருக்காரு. நீங்க மாத்திரையை விடலன்னும், ஊர்ல விட்டதா சொல்றீங்கன்னும் மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தேன்… டீக்கடையிலயாவது நான் பெரிய விஞ்ஞானியா இருந்தேன்ல. பக்கிரி, காலைத் தரையில ஊனாத. என்னங்க, அவனைத் தூக்கி கார்ல உக்கார வைங்க. கும்பகோணத்துல டாக்டர்கிட்ட நம்ம தப்பை ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம்.