இறால் படவில்லை, நர்ஸ் வரவில்லை

1981 மே 12, காலை ஏழு மணி பத்து நிமிடம். காற்றில்லாத புழுக்கம். பசியாவரம் தீவிலிருந்து பழவேற்காட்டுக்குப் புறப்பட்ட படகில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இறால் படல, அதான் நர்சம்மா வரல."

"இன்னாக்கா சொல்றே?"

"சர்க்கார் சம்பளம் குடுக்குது, படகுக்கூலி குடுக்கல. வாரத்துல ஒருநாள் பாட்டுல, ஊருக்குன்னு வலை போடற மொறையில, படற இறால வித்துத்தான் நர்சம்மாவுக்குப் படகு வெச்சோம். இப்ப முகத்துவாரம் மணல் மூடிக்கிச்சு, இறாலே உள்ள வரல."

"மருமவளுக்கு நிறைமாசம்க்கா. காலு வீங்கிக் கெடக்குது."

"மணலு தொறக்கறவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமியார்க்காரி சட்டென்று எழுந்தாள்.

"நைனா, படகத் திருப்பு. அவளையும் ஏத்திக்கினு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

படகு திரும்பியது. கரையில் மருமகளை ஏற்றினார்கள்; அவளால் உட்கார முடியவில்லை, படுக்கவைத்தார்கள். திரும்பிப் போய்வந்ததற்குப் படகுக்காரர் எல்லாரிடமும் இரட்டைக்கூலி வாங்கினார். எனக்கு ஒரு ரூபாய் ஆயிற்று.